நாள் மறந்த கணினியும் நாணய அளவுப் பாட்டரியும்

முன்னாளில் ஊராட்சி அலுவலகமென்றால் ஒரு மரப் பீரோ, நாலைந்து பேரேடுகள், ரப்பர் முத்திரை, சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் ஆகியவையே கண்ணில் படும். இன்று அவற்றோடு கணினியும் இடம் பெற்றுவிட்டது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், வேலைகளின் மதிப்பீடு, வரவு செலவு, பொருள் கொடுத்தவருக்குப் பணம் வழங்குதல் என எதனை எடுத்துக்கொண்டாலும் அது கணினியைத் தொட்டே செல்லுகின்றது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தேசிய ஊராட்சி நாளன்று, மத்திய அரசு இ-கிராம் சுவராஜ் என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. அதன் பின்னர் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டமும் கணக்கும் இணையத்தின் வழியே பதிவாகும் வழக்கம் நாடெங்கும் பரவியது. ஆகவே கணினி ஒரு நாள் நின்றால் அலுவலகமே ஒரு நாள் நின்றதற்கு ஒப்பாகும்.

இத்தகைய கணினிகளுக்கு வரும் கோளாறுகளுள், மிகச் சிறியதாக இருந்தும் பெரும்பாலும் பெருங்கோளாறென்றே எண்ணப்படுவது ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் கணினியை இயக்கினால், வழக்கமான படம் தோன்றுவதற்குப் பதிலாகக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளில் ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்றோ, ‘சிமாஸ் பாட்டரி லோ’ என்றோ ஒரு வாசகம் நிற்கும். தொடர்ந்து செல்ல எஃப்-1 என்னும் விசையை அழுத்துமாறு கீழே ஒரு குறிப்பும் இருக்கும். அழுத்தினால் கணினி இயங்கவே செய்யும். ஆனால் திரையின் மூலையில் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, 2009 ஜனவரி முதல் நாள் என்றோ 2015 என்றோ காட்டும். பிறகு எந்த அரசு இணையதளத்தைத் திறக்க முயன்றாலும், ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்னும் எச்சரிக்கையே வந்து நிற்கும்.

இந்நிலையில் சிலர் வைரஸ் புகுந்துவிட்டதென்பர். சிலர் இணைய இணைப்பே கெட்டதென்று கம்பி வடக்காரரை வரவழைப்பர். வேறு சிலர், கணினி பழையதாகிவிட்டது, புதியது வாங்கத் தீர்மானம் போடலாம் என்பர். உண்மையில் அக்கணினிக்கு வேண்டுவது ஒரு காலணி ஜோடியின் விலையில் பத்திலொரு பங்குகூட ஆகாத ஒரு சிறு பாட்டரியேயாகும். அதனை மாற்றுவதற்குக் கால் மணி நேரமும், ஒரு திருப்புளியும், சிறிது நிதானமும் போதும்.

தேதி தவறுவதால் வரும் தொல்லை

தேதி தவறினால் என்ன, சுவரில்தான் காலண்டர் தொங்குகின்றதே என்று கேட்கலாம். கணினியைப் பொறுத்தவரை தேதி என்பது அழகுக்காக மூலையில் நிற்பதன்று.

அரசு இணையதளம் ஒவ்வொன்றும், தான் உண்மையான தளமே என்பதற்கு ஒரு மின்னணுச் சான்றிதழை நமது கணினியிடம் நீட்டுகின்றது. அச்சான்றிதழில், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதப்பட்டிருக்கும். 2020-ஆம் ஆண்டு செப்டம்பருக்குப் பின்னர் வழங்கப்பெற்ற இத்தகைய சான்றிதழ்களின் ஆயுள் 398 நாட்களுக்கு மேற்படுவதில்லை. நமது கணினி அதனைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கடிகாரம் 2009 என்று கூறுமானால், இன்று செல்லுபடியாகும் சான்றிதழ் இனிப் பல ஆண்டுகள் கழித்தே பிறக்கவிருப்பதாக அதற்குத் தோன்றும். எனவே தளம் போலியானது என்று அது முடிவு கட்டிக் கதவை அடைத்துவிடும். வாயிற்காவலர் மீது குற்றமில்லை. அவர் கையிலுள்ள காலண்டர்தான் தவறு.

பணம் வழங்கப் பயன்படும் டிஜிட்டல் கையொப்பத்திற்கும் இதுவே நிலை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தால் செல்லுபடி பெற்ற இக்கையொப்பத்திற்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அவ்விரண்டிற்கும் வெளியே நின்றால், கையொப்பச் சாவியைச் செருகினாலும் அதனை ஏற்க மென்பொருள் மறுக்கக்கூடும். குடிநீர்க் குழாய் பழுது பார்த்தவர் தமக்குரிய தொகைக்காக வந்து காத்திருப்பார். பயிர்க் காப்பீட்டிற்குக் கடைசி நாளன்று, அலுவலகக் கணினியில் விவரம் பார்க்க வேண்டி விவசாயி ஒருவர் நிற்பார். ஐந்து மணி அடித்துவிட்டால் கடைசி நாள் கடந்ததுதான். ‘பாட்டரி போய்விட்டது’ என்னும் காரணத்தை எந்தக் காப்பீட்டுத் திட்டமும் ஏற்பதில்லை.

இன்னொரு தொல்லை ஓசையின்றி வருவது. இணையதளத்தில் நேரே பதியும் பதிவுகள் அங்குள்ள சர்வரின் நாளையே பெறுகின்றன. அவற்றிற்கு ஊறில்லை. ஆனால் அலுவலகக் கணினியிலேயே தட்டச்சு செய்து சேமிக்கும் கடிதம், கணக்குத் தாள், தீர்மான நகல் ஆகியவை அக்கணினியின் தேதியையே தாங்கும். நேற்று எழுதிய கோப்பு பதினைந்து ஆண்டுக்கு முந்தியதாய்ப் பட்டியலின் அடியில் போய்ப் புதைந்துகொள்ளும். தணிக்கைக்கு வருபவர் கேட்டால் விளக்கம் கூற நேரிடும். தேதியைத் தானாக அச்சிடும் ரசீது மென்பொருள் எதுவும் இருப்பின் விளைவு எளிதில் ஊகிக்கத் தக்கது. வரி செலுத்தியவர் கையில் தவறான நாளிட்ட ரசீது இருப்பது அவருக்கும் நன்றன்று, மன்றத்திற்கும் நன்றன்று.

ஒன்றை இங்கு வற்புறுத்த வேண்டும். எச்சரிக்கைத் திரை வந்தவுடன், ‘பரவாயில்லை, மேலே செல்’ என்னும் பொருள்பட்ட இணைப்பை அழுத்திக் கடந்து செல்லும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகின்றது. இது கூடாது. கடிகாரம் தவறினாலும் அதே எச்சரிக்கை வரும், உண்மையிலேயே மோசடித் தளமாயினும் அதே எச்சரிக்கை வரும். கடந்து செல்லப் பழகிய கை ஒரு நாள் மோசடிக்காரரிடமே கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும். எச்சரிக்கை கண்டால் முதலில் மூலையிலுள்ள தேதியைப் பார்ப்பதே முறை.

உறங்காத கடிகாரம்

கணினியின் உள்ளே மதர்போர்டு என்னும் பெரிய அட்டை உள்ளது. மற்ற உறுப்புகள் அனைத்தும் இதனோடுதான் பொருந்தியுள்ளன. இவ்வட்டையில் ஒரு சிறு கடிகாரச் சுற்று அமைந்துள்ளது. குவார்ட்ஸ் என்னும் பளிங்கின் ஒரு துணுக்கு அதன் உயிர்நாடி. இது வினாடிக்கு 32,768 முறை அதிரும்படி செதுக்கப்பட்டது. இவ்வெண்ணை இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் ஒன்று என்னும் எண் கிடைக்கும். அச்சுற்று இந்த வகுத்தலையே செய்து, ஒவ்வொரு வினாடியையும் எண்ணி, நிமிடம், மணி, நாள், மாதம், ஆண்டு எனக் கோத்து வைக்கின்றது. சுவர்க் கடிகாரங்கள் பலவற்றிலும் கைக்கடிகாரங்களிலும் இருப்பது இதே பளிங்குதான்.

கணினி அணைக்கப்பெற்ற பின்னரும் இக்கடிகாரம் ஓட வேண்டும். ஊர் உறங்கினும் காவற்காரர் உறங்கலாகாது அல்லவா? அக்காவற்காரருக்கு இரவு உணவு இடுவதுதான் நாம் பேசும் பாட்டரி. ஆதியில் இவ்வசதி இல்லை. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரை இயக்குந்தோறும், அன்றைய தேதியையும் நேரத்தையும் மனிதரே தட்டச்சு செய்து தர வேண்டியிருந்தது. 1984-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஏ.டி. என்னும் கணினியில்தான் பாட்டரியோடு கூடிய கடிகாரம் மதர்போர்டிலேயே இடம் பெற்றது. இன்றைய கணினிகள் அவ்வழியில் வந்தவையே.

இக்கடிகாரம் உண்ணும் மின்சாரம் வியக்கத்தக்க அளவு சிறிது. ஐந்து குதிரைத்திறன் கொண்ட மும்முனைப் பம்புசெட்டு ஓடும்போது ஏறத்தாழ ஏழு, எட்டு ஆம்பியர் இழுக்கும். கணினிக் கடிகாரமோ அதில் பதினைந்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஐந்து மைக்ரோ ஆம்பியர் அளவே இழுக்கின்றது. பாட்டரியின் கொள்திறன் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. இதனை அதனால் வகுத்தால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்தாண்டு என்று கணக்கு வருகின்றது. நடைமுறையில் மூன்றாண்டில் தீர்ந்ததும் உண்டு, பத்தாண்டு நின்றதும் உண்டு.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் நமது பழக்கத்திலேயே உள்ளது. சுவர் சுவிட்சு போடப்பட்டிருக்கும் வரையில், கணினி அணைந்திருந்தாலும், அதன் பவர் சப்ளைப் பெட்டி சிறிதளவு மின்சாரத்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும். கடிகாரம் அதிலேயே ஓடும், பாட்டரி செலவாகாது. சுவர் சுவிட்சை அணைத்தால், அந்நேரம் முழுவதும் பாட்டரிதான் சோறு போட வேண்டும். மாலையில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துப் பூட்டிச் செல்லும் நல்ல அலுவலகங்களிலேயே இப்பாட்டரி விரைவில் தீர்கின்றது என்பது சற்று வேடிக்கைதான். அதற்காக அப்பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. இடியும் மின்னலும் மிகுந்த மாதங்களில் கம்பி வழியே பாயும் மின் அதிர்ச்சி மதர்போர்டையே கருக்கிவிடும். பாட்டரி செலவைவிட அச்செலவு பன்மடங்கு பெரிது. தகரக் கூரையின் கீழ் வெப்பத்தில் கிடக்கும் கணினியிலும் பாட்டரியின் ஆயுள் குறையும்.

இணையம் இருக்கும்போது கணினி தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளாதா என்னும் கேள்வி எழலாம். சிறு பிழையாயின் திருத்திக்கொள்ளும். ஆனால் தனித்து இயங்கும் விண்டோஸ் கணினியின் வழக்கமான அமைப்பில், பதினைந்து மணி நேரத்திற்கு மேற்பட்ட வேறுபாட்டை அது தானாக ஏற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பின்தங்கிய கடிகாரத்தை மனிதர்தான் கைகொடுத்து நிமிர்த்த வேண்டும்.

பாட்டரிதான் குற்றவாளியா?

மாற்றுவதற்கு முன் உறுதி செய்துகொள்வது நலம். மாலையில் தேதியையும் நேரத்தையும் சரியாக வைத்துக் கணினியை அணைத்து, சுவர் சுவிட்சை அணைக்காமல் ஓரிரவு விடுக. காலையில் நேரம் சரியாக இருக்கும். மறுநாள் அவ்வாறே செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்து விடுக. காலையில் தேதி தவறியிருந்தால் பாட்டரி தீர்ந்ததென்பதில் ஐயமில்லை. இச்சோதனையைச் செய்யும்போது இணைய இணைப்பைக் கழற்றி வைத்தால், சிறு பிழைகள் இடையில் திருத்தப்பட்டு நம்மை ஏமாற்றா.

நேரம் மிகச் சரியாக ஐந்தரை மணி மாறியிருந்தால் அது பாட்டரியின் குற்றமன்று. நமது நேரம் உலகப் பொது நேரத்தினும் ஐந்தரை மணி முந்தியது. நேர மண்டலத்தைச் ‘சென்னை, கொல்கத்தா, மும்பாய், புதுடெல்லி’ என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினிகளின் உட்கடிகாரம் உலகப் பொது நேரத்தையே காட்டுவதும் வழக்கம். அதனைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. மாதத்திற்கு ஒரு நிமிடம் முன்னோ பின்னோ செல்வது இவ்வகைப் பளிங்குக் கடிகாரங்களின் இயல்பேயாகும்.

கணினி அடியோடு இயங்கவே மறுத்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். அதற்குப் பயிற்சி பெற்றவரை அழைப்பதே முறை. அதேபோலக் கணினி இன்னும் உத்தரவாதக் காலத்திலோ ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலோ இருந்தால், பெட்டியைத் திறக்குமுன் அந்நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தலைவரோ தனி அலுவலரோ எவர் பொறுப்பில் இருக்கின்றாரோ, அவரது அனுமதியும் இருப்புப் பதிவேட்டில் ஒரு குறிப்பும் இருப்பது பிற்காலக் கேள்விகளைத் தவிர்க்கும்.

கடையில் கேட்க வேண்டியது

மேஜைக் கணினிகளில் மிகப் பெரும்பாலும் உள்ள பாட்டரியின் பெயர் சி.ஆர். 2032. இப்பெயரிலேயே அதன் இலக்கணம் முழுதும் அடங்கியுள்ளது. ‘சி’ என்பது லித்தியம், மாங்கனீசு டை ஆக்சைடு ஆகியவற்றாலான வகையைக் குறிக்கும். ‘ஆர்’ என்பது வட்ட வடிவம். 20 என்பது 20 மில்லிமீட்டர் குறுக்களவு. 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம். மின்னழுத்தம் மூன்று வோல்ட். கைக்கடிகாரக் கடையிலும், மின்சாதனக் கடையிலும், கணினிக் கடையிலும் கிடைக்கும்.

இதே குறுக்களவில் 2025, 2016 என்னும் எண்களுடைய பாட்டரிகளும் உண்டு. அவை மெல்லியவை. இருப்பிடத்தில் தளர்ந்து கிடந்து, ஒரு நாள் தொட்டும் ஒரு நாள் தொடாமலும் தொல்லை தரும். எல்.ஐ.ஆர். 2032 என்று எழுதியிருப்பின் வாங்கலாகாது. அது மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யும் வகை. முழு மின்னேற்றத்தில் அதன் அழுத்தம் 4.2 வோல்ட் வரை செல்லும், மதர்போர்டிற்கு ஏற்றதன்று. உறையின் மேல் அச்சிட்டுள்ள காலாவதி ஆண்டையும் பார்த்து வாங்குக. கடைக்காரரிடம் மல்டிமீட்டர் இருந்தால் அளந்து காட்டச் சொல்லலாம். புதியது மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேலாகவே காட்டும்.

மாற்றும் முறை

முதலில் செய்ய வேண்டியது பெட்டியைத் திறப்பதன்று. கணினியை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்-2 விசையைப் பல முறை தட்டினால், பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புத் திரை தோன்றும். எந்த விசை என்பது இயங்கத் தொடங்கும் திரையிலேயே எழுதப்பட்டிருக்கும். அத்திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்க. பழைய மதர்போர்டுகளில், பாட்டரியைக் கழற்றியவுடன் இவ்வமைப்புகள் அழிந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். ஹார்டு டிஸ்க் எம்முறையில் இணைக்கப்பட்டுள்ளது, எதிலிருந்து முதலில் இயங்க வேண்டும் என்னும் இரண்டும் மாறிவிட்டால், நல்ல கணினியும் இயங்காமல் நிற்கும். பாட்டரி மாற்றியதால் கணினி கெட்டது என்னும் பழி இவ்வாறுதான் பெரும்பாலும் வருகின்றது. பாட்டரி ஏற்கெனவே முற்றும் தீர்ந்திருந்தால் அவ்வமைப்புகள் முன்னரே மாறியிருக்கலாம். அப்போதும் படம் எடுத்து வைப்பதால் நட்டமில்லை. புதிய மதர்போர்டுகளில் அமைப்புகள் வேறு நினைவகத்தில் தங்கிவிடுவதால், பெரும்பாலும் கடிகாரம் மட்டுமே அழியும்.

பின்னர் கணினியை முறைப்படி அணைத்து, மின்கம்பியையும் மற்ற கம்பிகளையும் கழற்றிவிடுக. எந்தக் கம்பி எங்கிருந்தது என்பதற்கும் ஒரு படம் உதவும். கம்பி கழற்றிய நிலையில் இயக்கு பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தினால், உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது.

கணினிப் பெட்டியை மேஜைமேல் படுக்க வைத்து, பின்புறத் திருகாணிகளை நீக்கினால் பக்கத் தகடு பின்னோக்கி நழுவும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வெறும் உலோகப் பாகத்தைத் தொட்டுக்கொள்க. நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நமக்குச் சுரீரென்று தோன்றாத அளவிலும் சிப்புகளைக் கெடுக்க வல்லது. நைலான் துணி, பிளாஸ்டிக் பாய் ஆகியவை அருகில் வேண்டா. நம் ஊர்க் கணினிகளின் உள்ளே தூசி ஒரு விரற்கடை படிந்திருப்பது வழக்கம். மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். ஈரத்துணி கூடாது.

பாட்டரி, பளபளக்கும் நாணயம் போல மதர்போர்டின் மேல் கிடக்கும். தேட வேண்டியிராது. எழுத்தும் கூட்டல் குறியும் உள்ள முகம் மேல்நோக்கி இருப்பதைக் கவனித்துக்கொள்க. இருப்பிடத்தின் ஓரத்தில் சிறிய உலோக நாக்கு ஒன்று பாட்டரியைப் பிடித்திருக்கும். நகத்தாலோ மரக்குச்சியாலோ அந்நாக்கை வெளிப்புறம் தள்ளினால் பாட்டரி தானே எழும்பும். திருப்புளியை அடியில் கொடுத்து நெம்புவது மிகத் தவறு. அது வழுக்கி மதர்போர்டின் நுண்ணிய கோடுகளைக் கீறிவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

புதியதை அதன் ஓரத்தைப் பிடித்து எடுத்து, உலர்ந்த துணியால் இரு முகங்களையும் துடைத்து, கூட்டல் குறி மேலே தெரிய வைத்து, மெல்ல அழுத்துக. ‘டக்’ என்னும் ஓசையுடன் பொருந்தும். தகட்டை மூடுமுன், மாற்றிய நாளை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன் உட்புறம் ஒட்டி வைத்தால் அடுத்து வருபவருக்கு உதவும்.

கம்பிகளை இணைத்து இயக்கி, மறுபடியும் பயாஸ் திரைக்குச் சென்று தேதியையும் நேரத்தையும் வைக்க வேண்டும். மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் கேட்கும் அமெரிக்க முறை அங்கு இருக்கக்கூடும். அவசரத்தில் ஐந்தாம் மாதம் ஆறாம் நாள் ஆறாம் மாதம் ஐந்தாம் நாளாகிவிடும். முன்னர் எடுத்த படங்களோடு மற்றவற்றையும் ஒப்பிட்டுச் சரி செய்து, சேமித்து வெளியேறுக. பெரும்பாலானவற்றில் இதற்கு எஃப்-10 விசை. பின்னர் இணையத்தின் வழியே நேரத்தை ஒரு முறை ஒத்திசைக்கலாம். இந்திய நேரத்தைச் சீசியம் அணுக் கடிகாரங்களால் காத்துவரும் புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம், கணினிகளுக்கு நேரம் வழங்கும் சேவையும் நடத்துகின்றது.

புதிய பாட்டரி இட்ட பின்னும் தேதி தவறினால், உலோக நாக்கு வளைந்து தொடாமலிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். பாட்டரிக்கு அருகில் அமைப்பை அழிப்பதற்கான மூன்று ஊசிகள் உண்டு. அவற்றின் மேலுள்ள சிறு தொப்பி இடம் மாறியிருந்தாலும் இது நேரும். இவ்விரண்டும் சரியாயிருப்பின் கடிகாரச் சுற்றிலேயே பழுது. அது நம் கை வேலையன்று. மடிக்கணினிகளையும் இவ்வாறே ஒதுக்கிவிடலாம். அவற்றில் இப்பாட்டரி பெரும்பாலும் கம்பியும் உறையும் கொண்டு உள்ளே ஒளிந்திருக்கும். பெரிய பாட்டரியை முதலில் துண்டிக்காமல் தொட்டால் கேடு வரும்.

கழற்றிய பாட்டரி செத்ததன்று

கடிகாரத்தை ஓட்ட இயலாத பாட்டரியில் மின்சாரம் அறவே இல்லை என்று எண்ணலாகாது. கழற்றிய பாட்டரியை மீட்டரில் அளந்தால் இரண்டரை வோல்ட் அளவு காட்டுவதுண்டு. கடிகாரத்திற்கு அது போதாது. ஆனால் ஒரு குழந்தையின் உயிரைப் போக்க அது போதும்.

இதனை மிகைப்படுத்திக் கூறவில்லை. இருபது மில்லிமீட்டர் அகலமுள்ள இவ்வட்டம், நான்கு வயதிற்குட்பட்ட குழந்தை விழுங்கினால் உணவுக் குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவினது. சிக்கிய இடத்தில் ஈரமான தசை பாட்டரியின் இரு முனைகளையும் இணைத்துவிட, மின்சாரம் பாய்ந்து, அவ்விடத்திலேயே காரச் சோடா போன்ற அரிக்கும் பொருள் உண்டாகின்றது. பாட்டரி உடையவோ கசியவோ வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே கடும் புண் ஏற்பட்டுவிடும். அது குழாயைத் துளைத்து அருகிலுள்ள பெரும் இரத்தக் குழாயை அரித்தால் பிழைப்பது அரிது. விழுங்கியதை எவரும் காணாதிருந்தால் இருமல், எச்சில் வடிதல், உணவை மறுத்தல் ஆகியவையே தோன்றும். சாதாரணச் சளி என்று நாளைக் கடத்திவிடக்கூடும். எக்ஸ்ரே படத்தில் நாணயம் ஒற்றை வட்டமாகத் தெரியும். பாட்டரியோ ஓரத்தில் இரட்டை வளையமாகத் தெரியும்.

விழுங்கியதாக ஐயம் தோன்றினாலே போதும். 108 வண்டியை அழைத்து, எக்ஸ்ரேயும் குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வாழைப்பழமும் சோற்று உருண்டையும் கொடுத்துக் கீழே தள்ளும் பாட்டி வைத்தியம் இங்கு உதவாது. குழந்தை ஒரு வயதைக் கடந்ததாகவும், விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்திற்குட்பட்டதாகவும் இருந்து, விழுங்க இயலுமானால், வழியில் பத்து நிமிடத்திற்கொரு முறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டா. தேன் புண்ணின் வேகத்தைச் சற்றுத் தணிக்கும் என்று மருத்துவர்கள் கண்டுள்ளனர். ஆனால் தேன் தேடி ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

ஊராட்சி அலுவலகத்தின் அருகிலேயே அங்கன்வாடி இருக்கும் ஊர்கள் பல. கழற்றிய பாட்டரியை மேஜைமீது வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் செல்வதோ, சன்னல் வழியே எறிவதோ எத்தகைய செயல் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். புதிய பாட்டரியையும் இடும் நேரம் வரை உறையிலிருந்து பிரிக்கலாகாது. கழற்றியவுடன் அதன் இரு முகங்களையும் மூடி மின்வேலைக்கான ஒட்டு நாடாவைச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் இட்டுப் பீரோவின் மேல்தட்டில் வைக்க வேண்டும். எரிக்கலாகாது, லித்தியம் வெடித்துச் சிதறும். மக்கும் குப்பைக் குழியிலும் இடலாகாது. மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைப் பாட்டரிகளையும் உள்ளடக்கியவை. அவற்றைப் பொதுக் குப்பையிலிருந்து பிரித்து வைத்து, சேகரிப்போரிடம் ஒப்படைப்பது பயன்படுத்துவோர் கடமை. ஊரில் உள்ள கைக்கடிகார, ரிமோட், விளையாட்டுப் பொருள் பாட்டரிகளையும் அதே டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுக்கலாம். தூய்மைக் காவலர்களுக்கு இவ்வட்டப் பாட்டரியை ஒரு முறை கையில் காட்டி, தனியே போட வேண்டியது இதுதான் என்று சொல்லி வைத்தால், வீடுகளிலிருந்து வருவனவும் அந்த டப்பாவிற்கே வந்து சேரும்.